காய்ச்சல் பிள்ளையும் வருகைப் பதிவேடும்

காலை எட்டு மணிக்குக் கொடுத்த பாராசிட்டமால் நான்கு மணி நேரம் தாங்கும், மிஞ்சிப்போனால் ஆறு. அதனால் காய்ச்சலோடு பள்ளிக்கு வந்த பிள்ளை முதல் இரண்டு பீரியடும் சாதாரணமாகத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பெஞ்சில் தலை சாய்ந்திருக்கும். டீச்சர் கழுத்தில் கை வைத்துப் பார்ப்பார், கொதிக்கும். உடனே அம்மாவுக்கு போன் போகும். அம்மா கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி நகரத்தின் அந்தக் கோடியில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார். பாதிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து சேர இரண்டு மணி ஆகிவிடும். அவருக்கு அரை நாள் கூலி போச்சு, பிள்ளைக்கு அரை நாள் வருகை கிடைத்தது.

வட சென்னையில் பிள்ளை வளர்த்த யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. “ஒரு மாத்திர போட்டு அனுப்பிடும்மா, மதியம் வரைக்கும் தாங்கும்” என்று தெருக்குழாயடியில் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது அலட்சியமாகத் தெரியும். உள்ளே இருப்பது ஒரு கணக்கு. வீட்டில் இருந்தால் யார் பார்த்துக்கொள்வது, கூலி எவ்வளவு போகும், பிள்ளைக்கு மதியம் என்ன சாப்பாடு, நாளைக்கு டீச்சர் என்ன சொல்வார், ‘மெடிக்கல்’ கேட்டால் எங்கே வாங்குவது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்த பிறகுதான் மாத்திரை கையில் வருகிறது. இந்தக் கணக்கில் பள்ளி வருகை விதியின் பங்கு என்ன, அந்த விதி உண்மையில் சொல்வது என்ன, எங்கே அதைத் திருத்த வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

விதியில் இருப்பதும் வாயில் இருப்பதும்

எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையையும் வருகை குறைவு என்று சொல்லி அதே வகுப்பில் உட்காரவைக்க முடியாது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையை நிறுத்திவைக்கவோ வெளியேற்றவோ கூடாது என்றது. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தபோது, இங்கே பழைய முறையே தொடரும் என்று தமிழ்நாடு அரசு சொல்லிவிட்டது. ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் “அட்டெண்டன்ஸ் இல்லேன்னா பாஸ் போட மாட்டோம்” என்று ஒரு பள்ளி சொன்னால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அதே சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளையை மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. லீவு போட்டதற்காக வகுப்பில் எழுப்பி நிற்கவைப்பது எந்தக் கணக்கில் வரும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தின் அட்டவணையில் 1 முதல் 5 வரை 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் என்று இரண்டு எண்கள் உண்டு. ஆண்டுக்கு இத்தனை நாள் பள்ளி நடக்க வேண்டும் என்று பள்ளிக்குப் போட்ட கட்டளை அது. பிள்ளை இத்தனை நாள் வந்தே தீர வேண்டும் என்று பெற்றோருக்குப் போட்ட கட்டளையாக அதைச் சொல்பவர்களை நானே கேட்டிருக்கிறேன்.

75 விழுக்காடு என்ற பெயர்பெற்ற எண் பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளில்தான் வருகிறது. அதற்குக் குறைந்தால் ஹால் டிக்கெட் சிக்கலாகும். கடைசியில் தனித்தேர்வராக எழுத வேண்டிய நிலை வரலாம். சிபிஎஸ்இ பள்ளிகளிலும் 10, 12 வகுப்புகளுக்கு அதே 75தான். அங்கே 60-க்கும் கீழே போனால், புற்றுநோய், காசநோய் போல நீண்ட நாள் மருத்துவமனையில் கிடக்கவைக்கும் நோய்களுக்கு மட்டும் விதிவிலக்காகப் பரிசீலிப்பார்கள்.

சரி, 75 விழுக்காடு என்றால் எத்தனை நாள்? பள்ளி 210 நாள் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 52 நாள் வராமல் இருந்தாலும் பிள்ளை விதிக்குள்ளேதான் இருக்கிறது. ஒரே ஆண்டில் டெங்குக்குப் பத்து நாள், அம்மைக்குப் பன்னிரண்டு நாள், அப்புறம் சளி, வயிற்றுப்போக்கு, மெட்ராஸ் ஐ என்று இன்னொரு பத்து நாள் போனாலும் எண் தாங்கும். சாதாரண நோய்க்காரப் பிள்ளையை இந்த விதி தொடவே தொடாது.

அப்படியானால் அம்மாக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? எழுதிய விதிக்குக் கீழே எழுதாத வழக்கம் ஒன்று ஓடுகிறது. ஆண்டு விழாவில் முழு வருகைக்கு ஒரு கோப்பை. பெற்றோர் கூட்டத்தில் “உங்க பையன் லீவு ஜாஸ்தி” என்று எல்லார் முன்னாலும் ஒரு சொல். இரண்டு நாள் வராவிட்டால் மெடிக்கல் சர்டிபிகேட். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை என்றால், சீட்டு போய்விடுமோ என்ற அச்சம் தனி. போகாது, ஆனால் அதை யாரும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. நான்காம் வகுப்பிலேயே விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்து, “நான் காய்ச்சலால் அவதிப்படுவதால்” என்ற வரியை மனப்பாடம் செய்யவைக்கிறோம். அந்தக் கடிதம் நிஜமாகவே மேசைக்கு வந்தால் மட்டும் நம்ப மாட்டோம்.

பதிவேடு யாருக்காகப் பிறந்தது

வருகைப் பதிவேட்டுக்கு நான் எதிரி இல்லை. ஒரு பிள்ளை ஏன் காணவில்லை என்று யாரோ ஒருவர் தினமும் கேட்டாக வேண்டும். பட்டறைக்கும் ஓட்டலுக்கும் மீன் ஏலக் கூடத்துக்கும் போய்விட்ட எத்தனையோ பிள்ளைகளைத் திரும்ப வகுப்புக்கு இழுத்துவந்தது அந்தக் கேள்விதான். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. கொரோனா காலத்துக்குப் பிறகு பெயர் பட்டியலில் இருந்தும் வகுப்பில் இல்லாமல் போன பிள்ளைகள் எவ்வளவு பேர் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து 75 விழுக்காடு வருகை கட்டாயம் என்று அமைச்சர் அறிவித்ததும் அதையொட்டித்தான்.

ஆக, வேலைக்குப் போய் நின்றுவிடும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்காக வளர்ந்த கருவி இது. சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் காலையில் போனில் வருகைப் பதிவுச் செயலியில் தட்டுவது வந்தார், வரவில்லை என்ற இரண்டில் ஒன்றை. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போன பையனும், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் பையனும் அன்றைய கணக்கில் ஒன்றுதான். முதல் பையனுக்குத் தேவை விரட்டிப் பிடிக்கும் ஒருவர். இரண்டாவது பையனுக்குத் தேவை நிம்மதியான ஒரு வாரமும் விட்டுப்போன பாடமும். இருவருக்கும் ஒரே மருந்து கொடுக்கிறோம்.

நோய் எப்படி நடந்துகொள்கிறது

விதியை எழுதுபவர்கள் நாட்களை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் நாட்களை எண்ணும் முறை வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் வருகை விதியைத் திருத்த முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்ணீர் தேங்கி வடிவதற்குள் கொசு பெருகிவிடும். அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான். “இப்போ லீவு போடாதீங்க” என்று பள்ளி அழுத்துகிற மாதமும் பிள்ளைகள் படுக்கிற மாதமும் ஒன்றாகவே வருகின்றன. இதைவிட மோசம் ஒன்று உண்டு. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் ஏறியிருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும், தட்டணுக்கள் விழுவதும் நடக்கும். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை சுருண்டு சுருண்டு படுப்பது ஆகியவற்றுக்காக அடுத்த ஒன்றிரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? “காய்ச்சல் விட்டுடுச்சு, அஞ்சு நாள் லீவு ஆயிடுச்சு, நாளைக்கு அனுப்பிடலாம்.” மருத்துவர்கள் வீட்டில் வைத்துக் கவனிக்கச் சொல்கிற அதே நாளில் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது.

அம்மையின் கதை வேறு மாதிரி. சின்னம்மை கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை, அதாவது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் வரை, தொற்று இருக்கும். அதற்கு மேல் நம் வழக்கம் சேரும். வேப்பிலை கட்டி, ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி என்று முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடிவிடும். இதில் மருத்துவக் கணக்குக்கு மேலே சில நாள் கூடுதலாகப் போவது உண்மைதான். ஆனால் பள்ளி கேட்கும் சர்டிபிகேட் எங்கிருந்து வரும்? ‘அம்மா வந்திருக்கா’ என்று சொல்லும் வீட்டில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போவதில்லை. அதனால் எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்துக் கிளினிக்கில் காசு கொடுத்து, நோயைப் பார்க்காத டாக்டரிடம் நோய் இருந்தது என்று ஒரு காகிதம் வாங்கி வருகிறார்கள். இந்தக் காகிதத்தால் யாருக்கு என்ன நிரூபணமாகிறது?

அதோடு முடியாது. சின்னம்மை ஒருவரிடமிருந்து தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஒரே அறையில் அண்ணனும் தங்கையும் படுக்கும் வீட்டில், அண்ணன் எழுந்து பள்ளிக்குப் போன மறுவாரம் தங்கை படுப்பாள். ஒரே மாதத்தில் இரண்டு முறை அம்மா வேலைக்குப் போக முடியாது. வீட்டு வேலை செய்யும் இடத்தில் முதல் முறை பரிவோடு கேட்டவர்கள் இரண்டாம் முறை வேறு ஆள் பார்க்கத் தொடங்குவார்கள்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் தள்ளி இருக்க வேண்டும். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு, இதற்கு இல்லை. வெளியே காசு கொடுத்துப் போட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. அரசு இலவசமாகத் தராத ஊசிக்கான நோயில் படுத்த பிள்ளையிடம் முழு வருகைக் கோப்பையை எதிர்பார்ப்பது எந்த நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு மூச்சு. ஆலைகள் சூழ்ந்த எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் இழுப்பு இருக்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் சேர்ந்தாற்போலப் பத்து நாள் லீவு போடுவதில்லை. இங்கே ஒரு நாள், அங்கே இரண்டு நாள். இரவெல்லாம் இழுத்துவிட்டு விடியற்காலையில் தூங்கிய பிள்ளையை ஏழு மணிக்கு எழுப்ப முடியாது. பத்து மணிக்கு எழுந்தால் நன்றாகத்தான் இருக்கும், தெருவில் ஓடும். பதிவேட்டில் பார்த்தால் இது அப்படியே கட் அடிக்கும் பிள்ளையின் முகம். ஒவ்வொரு ஒற்றை நாளுக்கும் டாக்டர் சீட்டு வாங்க முடியாது. இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொள்ளவும் தேவைப்பட்டால் வகுப்பிலேயே எடுத்துக்கொள்ளவும் விட்டாலே பாதி நாட்கள் மிச்சமாகும். அதற்கும் கூச்சம், கேலி, “அத டீச்சர் மேசையில வச்சிரு” என்ற கட்டளை.

இந்தப் பகுதியில் பள்ளிக்கூடமே பிள்ளையைப் படுக்கவைத்த நிகழ்ச்சியும் உண்டு. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடி பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மயக்கமும் தொண்டை எரிச்சலும் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நவம்பர் 4 அன்று பள்ளியைத் திறந்ததும் மறுபடி சில பிள்ளைகளுக்கு அதே தொல்லை. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, ஊரே நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இப்படிப்பட்ட காற்றுக்குள் வாழும் பிள்ளையின் வருகையையும், மரத்தடியில் படிக்கும் பிள்ளையின் வருகையையும் ஒரே கோலால் அளக்கிறோம்.

வராத பிள்ளைக்குச் சோறு இல்லை

பள்ளி என்றால் பாடம் மட்டும் இல்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதிய உணவு கொடுக்க முடிவெடுத்தபோது, அன்றைய மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். நம் வண்ணாரப்பேட்டைக்காரர். பசியால் பிள்ளைகள் வருவதில்லை என்பதுதான் அன்றைய சிக்கல். 1956, 1982 என்று அந்தத் திட்டம் விரிந்து, வாரம் ஐந்து முட்டை வந்து, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்று இரண்டு வேளை உணவு பள்ளியில்தான்.

வருகையை உயர்த்தியதில் இந்தச் சோற்றின் பங்கை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நோயில் படுத்த நாளில் இரண்டு வேளைச் சாப்பாடும் முட்டையும் ஒரே அடியாக நின்றுபோகின்றன. உடம்பு தேற நல்ல சாப்பாடு வேண்டிய நாளில்தான் அது இல்லை. 2015-இல் வந்த மதிய உணவு விதிகளில், பள்ளியால் உணவு தர முடியாமல் போனால் பிள்ளைக்கு உணவுப் பாதுகாப்புத் தொகை தர வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளை தானாகச் சாப்பிடாமல் போனால் அந்தத் தொகையைக் கேட்க முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. நோயாளிப் பிள்ளை இந்த இரண்டாம் வரிக்குள் விழுந்துவிடுகிறது. காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பும் அம்மாவின் கணக்கில் இதுவும் ஒரு காரணம் என்பதை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் பலரும் அறிவார்கள். கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினோம். அதாவது வழி தெரியாமல் இல்லை.

நீண்ட நோய்

மேலே சொன்னவை பத்து நாள் நோய்கள். உண்மையிலேயே 75 விழுக்காட்டில் போய் முட்டுகிறவர்கள் வேறு. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு சிகிச்சை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயுள்ள பிள்ளைக்கு இரண்டு வாரத்திலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு விடியற்காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பும் நாள் அது. சிறுநீரக நோய், வலிப்பு, முதல்வகைச் சர்க்கரை என்று பட்டியல் நீளும்.

இங்கே சட்டத்தில் ஒரு விசித்திரமான ஓட்டை இருக்கிறது. 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, பன்முகக் குறைபாடோ கடுமையான மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை உண்டு. சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டபோது தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் சோகை என்ற மூன்று ரத்த நோய்களையும் சேர்த்தது நல்ல மாற்றம். புற்றுநோய் அந்தப் பட்டியலில் இல்லை. எட்டு மாதம் கீமோதெரபியில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறனாளியும் இல்லை, இடைநின்றவரும் இல்லை. பெயர் பட்டியலில் இருக்கும், தினமும் ஆப்சென்ட். ஆண்டு முடிவில் தானாகத் தேர்ச்சி. படித்தது ஒன்றுமில்லை. நிறுத்திவைக்கக் கூடாது என்ற நல்ல விதி, கற்பிக்க வேண்டும் என்ற கடமையையும் சேர்த்து மறக்கடித்துவிட்டது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதை உலகத்துக்கே நிரூபித்த ஊர் இது என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் ஓய்வும் நல்ல உணவும் மருந்தும். இன்னொரு குழு நெரிசலான ஏழை வீடுகளிலேயே இருந்துகொண்டு அதே மருந்தைச் சாப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவின்படி இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடுவதற்கு வழிவகுத்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. நோயாளியைக் கட்டடத்துக்குக் கொண்டுவருவதைவிட மருந்தை ஆளிடம் கொண்டுபோவது நடக்கிற காரியம் என்று அறுபது ஆண்டுக்கு முன்பே தெரிந்துகொண்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் அதே வழியில்தான் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுப் படிக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தெருவிலேயே ஒரு தன்னார்வலர் மாலையில் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். இரண்டையும் அறிந்த மாநிலத்துக்கு, படுத்திருக்கும் பிள்ளையிடம் வாரம் இரண்டு நாள் ஒருவரை அனுப்புவது பெரிய காரியமா?

எதை மாற்றலாம்

விதியையே எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், வருகை குறைவு என்பதற்காகச் சட்டக் கல்லூரி மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்றது. கல்லூரிக்கு அது பொருந்தும். பள்ளிக்கு அப்படியே கொண்டுவர நான் தயங்குவேன். பதினைந்து வயதுப் பையனைத் தேடிப் போக வைக்கும் கணக்கு ஒன்று இருந்தாக வேண்டும்.

செயலியில் ‘நோய்’ என்று மூன்றாவது பொத்தான் ஒன்று வரட்டும். முதல் மூன்று நாளுக்குப் பெற்றோர் சொல்லே போதும், போனில் சொன்னாலும் சரி. ஒரு வாரம் வரை ஓபி சீட்டையோ மருந்துச் சீட்டையோ காட்டினால் போதும். அம்மைக்கு அதுவும் வேண்டாம், பிள்ளையின் உடம்பிலேயே தழும்பு இருக்கிறது. அதற்கு மேல் நீளும் நோய்க்குத்தான் மருத்துவச் சான்று. பொய் சொல்வார்களே என்பார்கள். சிலர் சொல்வார்கள்தான். காசு கொடுத்து வாங்கும் சர்டிபிகேட்டிலும் இப்போது பொய்தான் இருக்கிறது, அதற்கு ஏழை வீடு தன் கைக்காசைக் கொடுக்கிறது. உண்மையில் கட் அடிக்கும் பிள்ளையை ஒரு ஆசிரியர் சான்றிதழைப் பார்த்தா கண்டுபிடிக்கிறார்?

மூன்றாவது பொத்தானுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் ஐந்து பிள்ளை ‘நோய்’ என்று பதிவானால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போகலாம். கொசு மருந்தடிப்பும் குடிநீர்ச் சோதனையும் அந்தத் தெருவில் அன்றே தொடங்கலாம். மஞ்சள் காமாலையும் டைபாய்டும் முதலில் தெரிவது பெரும்பாலும் வகுப்பறையில் காலியாகும் இடங்களில்தான். இப்போது அந்தத் தகவல் ‘வரவில்லை’ என்ற ஒரே குப்பையில் போய் விழுகிறது.

திரும்பி வருவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் வரலாம், டெங்கு என்றால் 48. இதை ஜூன் மாதமே ஒரு காகிதத்தில் அடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அம்மாவுக்கும் டீச்சருக்கும் இடையே பேச்சு சுலபமாகும். முழு வருகைக் கோப்பையை நிறுத்த அரசாணை எதுவும் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஒரு கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். விட்டுப்போன பாடத்தை வாட்ஸாப்பில் அனுப்புவதை ஏற்கெனவே பல ஆசிரியர்கள் தாமாகவே செய்கிறார்கள். வீட்டில் ஒரே போன் அப்பாவிடம், அவர் துறைமுகத்தில் லோடு வேலையில் என்றால் இரவு பத்து மணிக்குத்தான் பிள்ளை பார்க்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்தனுப்பும் பழைய வழியே அங்கே மேல்.

பள்ளியால் தீர்க்க முடியாதது அம்மாவின் கூலி. மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. இஎஸ்ஐ அட்டை உள்ள தொழிலாளிக்குத் தனக்கு நோய் வந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும். பிள்ளைக்கு வந்தால் மருந்து கிடைக்கும், கூலி கிடைக்காது. வீட்டு வேலை செய்பவருக்கு இரண்டும் இல்லை. 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியம் கல்விக்கும் மகப்பேறுக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை தருகிறது. பிள்ளை படுத்த நாளின் கூலியை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஆண்டுக்கு ஏழு நாள் என்று உச்சவரம்பு வைத்தாவது. பள்ளியின் ‘நோய்’ பதிவே அதற்கு ஆதாரமாக இருக்கலாம், தனியாகச் சான்றிதழ் அலைச்சல் வேண்டாம். அந்தத் தொகை கையில் வராதவரை, பதிவேட்டில் எத்தனை பொத்தான் வைத்தாலும் காலை எட்டு மணி மாத்திரை நிற்கும் என்று நான் நம்பவில்லை.